கையும் பேச்சும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"கையை ஆட்டாமல் பேசு" என்று சிறுபிள்ளைகளிடம் சொல்கிறோம். அதே பிள்ளை வளர்ந்து மேடை ஏறும்போது "கையைப் பயன்படுத்திப் பேசு" என்கிறோம். இரண்டு அறிவுரையுமே கையைப் பேச்சுக்கு வெளியே வைத்துப் பார்க்கின்றன. கடந்த ஐம்பது ஆண்டு ஆய்வுகளைப் படித்தால் நிலைமை வேறாகத் தெரிகிறது. யோசிப்பது, பேசுவது, கையசைப்பது மூன்றும் சேர்ந்தே நடக்கின்றன. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இந்த எண்ணத்தைச் சுற்றியே இருக்கும்.

தொலைபேசியில் பேசும்போதுகூடக் கை ஏன் அசைகிறது? எதிரில்தான் யாருமே இல்லையே?

கை கேட்பவருக்காக மட்டும் அசைவதில்லை என்பதற்கு இதுவே நல்ல அடையாளம். போனில் வழி சொல்லும்போது "அப்படியே நேரா வந்து வலது பக்கம் திரும்புங்க" என்று சொல்லிக்கொண்டே கையை வளைக்கிறோம். நம் குரலைப் பதிவு செய்யும் கருவியிடம் பேசச் சொன்னால் கையசைவு நன்றாகவே குறைகிறது. போனில் அப்படிக் குறைவதில்லை. மறுமுனையில் ஓர் ஆள் இருக்கிறார் என்ற உணர்வே போதுமானதாக இருக்கிறது.

1998-இல் ஜானா ஐவர்சனும் சூசன் கோல்டின்-மெடோவும் பிறவியிலிருந்தே பார்வையற்ற 12 பிள்ளைகளைப் பேசவைத்துப் பார்த்தார்கள். அவர்கள் ஒருவர் கையசைப்பதையும் வாழ்நாளில் பார்த்ததில்லை. ஆனாலும் பேசும்போது அவர்களுடைய கைகள் அசைந்தன. கேட்பவரும் பார்வையற்றவர்தான் என்று தெரிந்திருந்தபோதும் அசைந்தன. அப்படியானால் இது முழுக்க முழுக்கப் பார்த்துப் பழகிக்கொண்ட வழக்கமாக இருக்க முடியாது.

இன்னொரு விசித்திரமான சான்றும் உண்டு. இங்கிலாந்தைச் சேர்ந்த ஒருவருக்கு 19 வயதில் வந்த ஒரு நோய்க்குப் பிறகு, கழுத்துக்குக் கீழே தொடு உணர்வும் கைகால் எங்கே இருக்கிறது என்ற உணர்வும் போய்விட்டன. அசைக்கும் சக்தி மட்டும் இருந்தது. ஒவ்வோர் அசைவையும் கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் செய்வார். அவருடைய கைகளை அவர் பார்க்க முடியாதபடி மறைத்துவிட்டு, ஒரு பொருளைக் கையாள்வதுபோல் செய்யச் சொன்னால் தடுமாறினார். கதை சொல்லச் சொன்னபோதோ, மறைப்புக்கு அடியிலும் அவருடைய கைகள் பேச்சோடு இசைந்தே அசைந்தன. பொருளைப் பிடிக்கும் கையை மூளை ஒரு வழியிலும், பேச்சோடு வரும் கையை வேறு வழியிலும் நடத்துகிறது என்று எண்ணுவதற்கு இது ஒரு காரணம்.

கையைக் கட்டிக்கொண்டு பேசினால் ஏதாவது குறைகிறதா?

எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைப் பொறுத்தது. இடம், வடிவம், திசை, அசைவு பற்றிப் பேசும்போது கையை அசைக்கவிடாமல் செய்தால் பேச்சு மெதுவாகிறது, தடுமாற்றம் கூடுகிறது. சொல் நாக்கு நுனிவரை வந்து நிற்கும்போது விரல்கள் காற்றில் எதையோ தேடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தேடலுக்கும் சொல் கிடைப்பதற்கும் தொடர்பு உண்டு என்று ராபர்ட் கிராஸ் போன்ற உளவியலாளர்கள் வாதிட்டார்கள்.

நினைவுக்கும் இதில் பங்கு இருக்கிறது. 2001-இல் நடந்த ஒரு சோதனையில் ஒரு கணக்கைப் போடச் செய்து, பிறகு மனப்பாடம் செய்ய ஒரு பட்டியலைக் கொடுத்து, அதை மனத்தில் வைத்துக்கொண்டே கணக்கை விளக்கச் சொன்னார்கள். கையை அசைத்து விளக்கியவர்களுக்குப் பட்டியல் அதிகம் நினைவிருந்தது. மனத்தில் சுமக்க வேண்டியதில் கொஞ்சத்தைக் கை வாங்கிக்கொள்கிறது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

ஆகவே நேர்காணலில் கையை மடியில் பூட்டிவைத்துக்கொண்டு உட்கார்வது அடக்கத்தைக் காட்டலாம். ஆனால் நீங்கள் சொல்ல வந்ததை நன்றாகச் சொல்ல அது உதவாது.

எல்லாக் கையசைவும் ஒரே வகைதானா?

இல்லை. டேவிட் மெக்நீல் 1992-இல் வகுத்த பிரிவுகளைத்தான் இன்றும் பெரும்பாலானோர் எடுத்தாள்கிறார்கள். உருவத்தைக் காட்டும் அசைவு ஒன்று: பந்தின் அளவு, படிக்கட்டின் சுழற்சி. கண்ணால் பார்க்க முடியாததற்கு உருவம் கொடுப்பது இரண்டாவது: "ஒரு பக்கம் இப்படி, இன்னொரு பக்கம் அப்படி" என்று இரண்டு கருத்துகளை இரண்டு உள்ளங்கைகளில் ஏந்துவது. சுட்டிக் காட்டுவது மூன்றாவது. முக்கியமான சொல் வரும்போது தாளம் தட்டுவதுபோலச் சின்னதாக ஒரு வெட்டு வெட்டுவது நான்காவது. தாளம் தட்டும் அசைவுக்குத் தனியாகப் பொருள் எதுவும் இல்லை. அழுத்தம் எங்கே விழுகிறது என்று மட்டும் காட்டும். கேட்பவருக்கும் பேசுபவருக்கும் இடையே ஒரு தடுப்பு வைத்தால் உருவம் காட்டும் அசைவுகள் குறைகின்றன, தாளம் தட்டுவது மட்டும் அப்படியே தொடர்கிறது என்பது கவனிக்க வேண்டிய வேறுபாடு.

கட்டை விரலை உயர்த்துவது, வாயில் விரல் வைத்து "உஷ்" என்பது போன்றவை இந்த நான்கிலும் சேராது. அவற்றுக்கு அகராதிப் பொருள்போல நிலையான பொருள் உண்டு. பேச்சே இல்லாமலும் புரியும், தவறாகச் செய்தால் "தவறு" என்று சொல்லவும் முடியும். மற்ற அசைவுகளில் சரி, தவறு என்று எதுவும் இல்லை. அந்த நொடியில் பிறந்து அந்த நொடியிலேயே முடிந்துவிடும்.

கை முந்துமா, சொல் முந்துமா?

பெரும்பாலும் கை ஒரு கண நேரம் முந்தும், அல்லது இரண்டும் சேர்ந்து வரும். சொல் வந்து முடிந்த பிறகு கை வருவது அபூர்வம். ஆடம் கெண்டன் ஓர் அசைவைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் காட்டினார். கை முதலில் கிளம்புகிறது, பிறகு முக்கிய வீச்சு, அப்புறம் ஓய்வுக்குத் திரும்புதல். அந்த வீச்சு, வாக்கியத்தில் எந்தச் சொல் கனமானதோ அதன்மேல் வந்து விழும். மோசமான நடிப்பில் ஏதோ பொய்யாகப் படுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்: "போ வெளியே!" என்று சொல்லி முடித்த பிறகு கை நீளும்.

திக்குவாய் உள்ளவர்கள் பேசும்போது இந்தப் பிணைப்பு இன்னும் தெளிவாகத் தெரியும். சொல் திக்கி நிற்கும் கணத்தில் கையும் நின்றுவிடுகிறது, அல்லது கீழே இறங்கிவிடுகிறது. சொல் வெளிவந்ததும் கையும் தொடர்கிறது. வாய்க்கு வராததைக் கை தனியாகச் சொல்லிவிட்டுப் போவதில்லை.

உடலளவிலும் ஒரு தொடர்பு இருக்கிறது. கையை வீசும்போது மார்புத் தசைகள் இழுபட்டு மூச்சின் அழுத்தம் மாறுகிறது. அது குரலில் ஒரு சிறு தடம் விடுகிறது. 2020-இல் விம் பாவ்வும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வில், கையை அசைத்துக்கொண்டே எழுப்பிய குரலை மட்டும் கேட்டவர்கள் அந்த அசைவின் வேகத்தோடு தங்கள் கையையும் இசைத்து அசைக்க முடிந்தது. போனில் நீங்கள் கையாட்டுவது மறுமுனைக்கு அறவே தெரியாது என்று சொல்லிவிட முடியாது!

அதற்கடுத்த ஆண்டு டச்சு மொழியில் இன்னொரு சோதனை வெளிவந்தது. அந்த மொழியில் சில சொற்களில் அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்பதைப் பொறுத்துப் பொருள் மாறும். இரண்டில் எது என்று தெளிவில்லாத ஒலியைக் கேட்கவைத்து, கை வீச்சை மட்டும் முதல் அசைக்கும் இரண்டாம் அசைக்கும் மாற்றிப் பார்த்தார்கள். கை விழுந்த இடத்தில்தான் அழுத்தமும் கேட்டதாகப் பலர் சொன்னார்கள்.

பேச்சில் சொற்களின் பங்கு 7 சதவீதம்தான், மீதி உடல்மொழி என்கிறார்களே?

பயிற்சி வகுப்புகளில் இதைச் சொல்லாதவர் குறைவு. இந்தக் கணக்கு ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் வெளியிட்ட இரண்டு சிறிய சோதனைகளிலிருந்து வந்தது. தனிச் சொற்களை வெவ்வேறு குரல் தொனியில் கேட்கவைத்தும், முகபாவங்களின் படங்களைக் காட்டியும், பேசுபவருக்கு எதிராளியைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று ஊகிக்கச் சொன்னார்கள். சொல் ஒன்று சொல்ல முகம் வேறொன்று சொன்னால் எதை நம்புகிறார்கள் என்பதே கேள்வி. அதில் கிடைத்ததுதான் சொல்லுக்கு 7, குரலுக்கு 38, முகத்துக்கு 55 என்ற பிரிப்பு. கை இந்தக் கணக்கிலேயே இல்லை. உணர்ச்சி, விருப்பு வெறுப்பு பற்றிப் பேசும்போது மட்டும்தான் இது பொருந்தும் என்று மெஹ்ராபியனே பின்னாளில் தெளிவாக்கினார்.

சந்தேகம் இருந்தால் நாளைய கூட்டம் எத்தனை மணிக்கு, எந்த அறையில் என்பதைச் சொற்களே இல்லாமல் 93 சதவீதம் புரியவைத்துப் பாருங்கள்.

அப்படியானால் கேட்பவருக்குக் கையசைவால் பயன் உண்டா, இல்லையா?

உண்டு, ஆனால் எங்கும் ஒரே அளவில் இல்லை. சொல்லில் இல்லாத ஒன்றைக் கை கொண்டுவரும்போது பயன் அதிகம். "ஒரு பெரிய பெட்டி" என்று சொல்லும்போது, அது அகலமா உயரமா என்பதைக் கைதான் சொல்கிறது. "அவன் கீழே வந்தான்" என்றால் வழுக்கி வந்தானா, உருண்டு வந்தானா, சுற்றிச் சுற்றி வந்தானா? இதுவும் கையில் இருக்கும். சொல்லும் கையும் ஒன்றையே சொன்னால் பயன் கொஞ்சம்தான். கேட்பவர் குழந்தையாக இருந்தாலோ, மொழியைப் புதிதாகக் கற்பவராக இருந்தாலோ, சுற்றிலும் இரைச்சலாக இருந்தாலோ அந்தக் கொஞ்சமும் பெரிதாகிவிடும்.

கேட்பவர் பெரும்பாலும் இதைக் கவனித்ததாகவே உணர்வதில்லை. கையில் மட்டும் வந்த செய்தியை, பிறகு கேட்டால் "அவர் அப்படித்தான் சொன்னார்" என்று சொல்லிவிடுவார்.

குழந்தை எப்போது கையால் பேசத் தொடங்குகிறது?

ஒன்பதாவது மாதத்துக்கும் முதல் பிறந்தநாளுக்கும் இடையில் பெரும்பாலான குழந்தைகள் ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டத் தொடங்குகின்றன. "அது வேண்டும்" என்பதற்கு மட்டும் இல்லை, "அதோ பார்!" என்று நம்மோடு பகிர்ந்துகொள்ளவும்தான். இந்த இரண்டாவதுதான் பெரிய விஷயம். எதிரில் இருப்பவருக்கு ஒரு மனம் இருக்கிறது, அதை ஒரு பொருள்மீது திருப்ப முடியும் என்று குழந்தை புரிந்துகொண்டுவிட்டது.

அடுத்த கட்டம் இன்னும் அழகானது. குழந்தை "அம்மா" என்று சொல்லிக்கொண்டே ஒரு செருப்பைச் சுட்டும். அம்மாவின் செருப்பு! வாய்க்கு ஒரு சொல், கைக்கு ஒரு சொல். இரண்டு சொற்களை வாயாலேயே சேர்த்துச் சொல்வதற்குச் சில மாதங்கள் முன்பே இப்படிச் சேர்த்துவிடுகிறது.

மெரடித் ரோவும் கோல்டின்-மெடோவும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், 14 மாதத்தில் கையால் அதிகமான பொருள்களைத் தெரிவித்த குழந்தைகளுக்கு 54 மாதத்தில் சொல்வளம் அதிகமாக இருந்தது. அதற்காகக் குழந்தைக்குச் சைகை வகுப்பு எடுக்கத் தேவையில்லை. அது சுட்டும்போது அந்தப் பொருளின் பெயரைச் சொல்லுங்கள், போதும். ஒரு வயது தாண்டியும் சுட்டுவது, கையசைத்து "டாட்டா" காட்டுவது எதுவுமே இல்லையென்றால் மட்டும் குழந்தை மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

பள்ளிப் பிள்ளையின் கையை ஆசிரியர் ஏன் கவனிக்க வேண்டும்?

வாய் சொல்லாததை அந்தக் கை சொல்லிக்கொண்டிருக்கலாம். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்தக் கணக்கைப் பாருங்கள்: 4 + 3 + 6 = __ + 6. எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகள் பலர் இதில் 19 என்று எழுதுவார்கள், கண்ணில் பட்ட எல்லா எண்களையும் கூட்டி. சிலர் சமக்குறி வரை கூட்டி 13 என்பார்கள். விடை 7. இப்போது தவறாகச் செய்த இரண்டு பிள்ளைகளைக் கூப்பிட்டு எப்படிப் போட்டாய் என்று கேட்கிறோம். இரண்டு பேருமே "எல்லாத்தையும் கூட்டினேன்" என்கிறார்கள். முதல் பிள்ளையின் விரல் ஒவ்வோர் எண்ணாகத் தொட்டுக்கொண்டு போகிறது. வாயும் கையும் ஒன்று. இரண்டாவது பிள்ளையின் உள்ளங்கையோ இடப்பக்க எண்களுக்குக் கீழே ஒரு முறை வீசி, நின்று, பிறகு வலப்பக்கத்துக்குக் கீழே தனியாக வீசுகிறது. இரண்டு பக்கம் இருக்கிறது என்று அந்தக் கைக்குத் தெரிகிறது! வாய்க்குத்தான் இன்னும் தெரியவில்லை.

மதிப்பெண் தாளில் இருவருக்கும் பூஜ்யம்தான். ஆனால் பாடம் நடத்திய பிறகு, வாயும் கையும் முரண்பட்ட பிள்ளைகள்தான் அதிகம் தேறினார்கள். பழைய எண்ணம் வாயிலும் புதிய எண்ணம் கையிலுமாக, மாறும் தறுவாயில் இருக்கிறார்கள். அகலமான பாத்திரத்திலிருந்து உயரமான கண்ணாடிக் குவளைக்குத் தண்ணீரை ஊற்றிக் காட்டி, "இப்போது தண்ணீர் கூடியிருக்கிறதா?" என்று சின்னப் பிள்ளைகளிடம் கேட்கும் புகழ்பெற்ற சோதனையிலும் இதே காட்சிதான். "இது உயரமா இருக்கு, அதனால இதுல அதிகம்" என்று வாய் சொல்லும். கை குவளையின் அகலத்தைப் பிடித்துக் காட்டும்.

இதற்குப் பிந்தைய ஆய்வுகள் இன்னொரு படி போயின. பாடத்தின்போது பிள்ளைகளையே கையசைத்து விளக்கச் செய்தார்கள். அப்படிச் செய்தவர்களுக்குப் பாடம் வாரக்கணக்கில் கழிந்த பிறகும் நிலைத்தது. சொல்லை மட்டும் திருப்பிச் சொன்னவர்களுக்கு அந்த அளவு நிலைக்கவில்லை. "கையைக் கட்டு, வாயைப் பொத்து" என்பது ஒழுங்குக்கு உதவலாம். கணக்குக்கு உதவாது.

பேச்சு தாமதமாகும் பிள்ளைக்குச் சைகை கற்றுக்கொடுத்தால், பேசும் முயற்சியையே விட்டுவிடாதா?

பெற்றோர் கேட்கும் கேள்விகளில் பயம் அதிகம் கலந்தது இதுதான். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் இந்தப் பயத்துக்கு ஆதாரம் காணவில்லை. பல பிள்ளைகளுக்குப் பேச்சு கூடவே செய்திருக்கிறது, குறைந்ததாகத் தெரியவில்லை. காரணமும் புரிந்துகொள்ளக்கூடியது. வாயின் நுண்ணிய தசைகளைவிடக் கையைக் கட்டுப்படுத்துவது எளிது. நினைத்ததைச் சொல்ல ஒரு வழி கிடைத்தால் பிள்ளையின் ஆத்திரம் குறைகிறது, உரையாடல் நீள்கிறது, அந்த உரையாடலில் சொற்களும் காதில் விழுகின்றன.

இதற்கென்று வழிமுறைகள் உண்டு. 1970களில் பிரிட்டனில் மார்கரெட் வாக்கர் உருவாக்கிய மகட்டான் அவற்றில் பரவலானது. அடிப்படை இவ்வளவுதான்: வாக்கியத்தை முழுதாக, இயல்பான வேகத்தில் பேசுங்கள், முக்கியமான ஒன்றிரண்டு சொற்களுக்கு மட்டும் சைகை செய்யுங்கள். "இப்போ தூங்கப் போகலாமா?" என்றால் "தூங்க" என்பதற்கு மட்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ள பல பிள்ளைகளுக்குக் காதால் கேட்டதைவிடக் கண்ணால் பார்த்தது நன்றாகப் பதியும் என்பதால் அவர்களுக்கு இது குறிப்பாக ஒத்துவருகிறது.

வீட்டில் செய்யும்போது பிள்ளையின் கண் மட்டத்துக்கு இறங்கி உட்காருங்கள். சைகையைச் செய்துவிட்டுக் கொஞ்சம் காத்திருங்கள். உடனே அடுத்த வாக்கியத்துக்குத் தாவாதீர்கள். பிள்ளை அரைகுறையாகச் செய்தாலும் அதை ஒரு சொல்லாகவே ஏற்று, நீங்கள் வாயால் முழுச் சொல்லாகத் திருப்பிச் சொல்லுங்கள். பிள்ளையின் கையைப் பிடித்து மடக்கிச் சைகை செய்யவைப்பது வேண்டாம். வீட்டில் ஒருவர் மட்டும் செய்தால் பலன் குறைவு. தாத்தா பாட்டி, பள்ளி எல்லோரும் அதே சைகைகளைப் பயன்படுத்த வேண்டும். எந்தச் சைகையில் தொடங்குவது என்பதைப் பேச்சுப் பயிற்சியாளரோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள்.

இந்தப் பயத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய காதுகேளாதோர் கல்வி மாநாடு, சைகை பேச்சைக் கெடுக்கும் என்று சொல்லி, வகுப்பறைகளில் வாய்மொழிதான் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. பல நாடுகளில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளின் கைகள் அடக்கப்பட்டன. 2010-இல் வான்கூவரில் கூடிய அதே மாநாட்டுத் தொடர்தான் அந்தத் தீர்மானங்களை நிராகரித்தது. 130 ஆண்டுகள்!

பேச்சோடு வரும் கையசைவும் சைகை மொழியும் ஒன்றா?

இல்லை. சைகை மொழி ஒரு முழு மொழி. அதற்கென இலக்கணம், சொல் வரிசை, வட்டார வழக்கு எல்லாம் உண்டு. 1960-இல் வில்லியம் ஸ்டோக்கி அமெரிக்கச் சைகை மொழியை அப்படி ஆராய்ந்து காட்டிய பிறகுதான் மொழியியல் உலகம் இதை மெல்ல ஒப்புக்கொண்டது. பேச்சோடு வரும் கையசைவுக்கு இலக்கணம் கிடையாது. பேச்சை எடுத்துவிட்டால் பாதி அர்த்தம் போய்விடும்.

இரண்டு மொழியையும் ஒரே நேரத்தில் முழுதாகப் பேச முடியுமா என்றும் கேட்கிறார்கள். முடியாது. சொல் வரிசைகள் வேறு வேறு என்பதால் ஒன்று சிதையும், வழக்கமாகச் சிதைவது சைகைதான். பேசுபவருக்கு அது தெரியாது, ஏனென்றால் அவர் காதில் வாக்கியம் முழுதாக விழுகிறது. முக்கியச் சொற்களுக்கு மட்டும் சைகை செய்யும் முறையில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே பேச்சு ஒன்றுதான் மொழி.

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்பவரிடம் பேசும்போது கை உதவுமா?

"பாடு", "மாடு" இரண்டையும் ஒலி எழுப்பாமல் கண்ணாடி முன் சொல்லிப் பாருங்கள். உதட்டில் வேறுபாடே தெரியாது. இந்தச் சிக்கலுக்காகவே 1966-இல் ஓரின் கார்னெட் வாஷிங்டனின் கலோடெட் நிறுவனத்தில் ஒரு முறையை உருவாக்கினார். ஆங்கிலத்துக்கு 8 கை வடிவங்கள், முகத்தைச் சுற்றி 4 இடங்கள். உதட்டில் ஒன்றுபோலத் தெரியும் மெய்யொலிகளுக்கு வெவ்வேறு கை வடிவம். உயிரொலியைக் கை நிற்கும் இடம் காட்டும். உதட்டையும் கையையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒலி முழுமையாகும். பிறகு பல மொழிகளுக்கு இது மாற்றி அமைக்கப்பட்டது.

அதெல்லாம் தெரியாதவர் செய்யக்கூடியது எளிது. வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி நில்லுங்கள், வாயைக் கையால் மறைக்காதீர்கள், உதட்டை மிகையாக அசைக்காதீர்கள். பேச்சுப்பொருள் மாறும்போது எதைப் பற்றிப் பேசப்போகிறீர்கள் என்பதைச் சுட்டிக் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். எண்களை விரலில் காட்டுங்கள்.

மேடையில் பேசும்போது கைகளை எங்கே வைப்பது?

இடுப்புக்கும் தோளுக்கும் இடையில், தளர்வாக. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமில் பேச்சுக்கலை கற்பித்த குவிந்திலியனும் கையைக் கண்ணுக்கு மேலே உயர்த்துவதும் மார்புக்குக் கீழே இறக்குவதும் தவறு என்று அக்காலத்தார் சொன்ன விதியைக் குறிப்பிடுகிறார். கையசைவு கருத்தோடு தொடங்கிக் கருத்தோடு முடிய வேண்டும் என்பது அவர் சொன்ன இன்னொன்று. இது இன்றைக்கும் பொருந்தும்.

எந்த வரிக்கு எந்தச் சைகை என்று எழுதிவைத்து ஒத்திகை பார்க்காதீர்கள். கை தாமதமாக வரும், பார்ப்பவர்களுக்கு உறுத்தும். அதைவிடக் கைகளை வெறுமையாக விடுங்கள். பேனா, பேப்பர், மைக்கின் வயர் எதுவும் வேண்டாம். இயல்பாக வர வேண்டியது வரும்.

திட்டமிட வேண்டியது ஒன்றே ஒன்று: இடம். இரண்டு விஷயங்களை ஒப்பிடப் போகிறீர்கள் என்றால், பழையதை ஒரு பக்கமும் புதியதை மறுபக்கமும் வைத்துவிட்டு, பேச்சு முடியும்வரை மாற்றாதீர்கள். காலவரிசை சொல்லும்போது உங்கள் வலக்கைப் பக்கத்திலிருந்து இடப்பக்கம் போங்கள். உங்களுக்குத் தலைகீழாகத் தோன்றும். எதிரில் இருப்பவர்களுக்கு இடமிருந்து வலமாகச் சரியாக இருக்கும். தேர்ந்த ஆசிரியர்கள் பலர் இதைக் கவனமாகச் செய்வார்கள்.

வீடியோ அழைப்பில்?

கேமராவிலிருந்து கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், நெஞ்சுவரை தெரியட்டும். கேமராவை நோக்கிக் கையை நீட்டினால் முகத்தைவிடக் கை பெரிதாகத் தெரியும். பின்னணிப் படம் போட்டிருந்தால் வேகமாக அசையும் விரல்களை அது விழுங்கிவிடும். இன்னொன்று: 2023 முதல் ஆப்பிள் கருவிகளில் சில கையசைவுகளைக் கண்டால் திரையில் பலூனும் வாணவேடிக்கையும் தானாகக் கிளம்பும் வசதி வந்திருக்கிறது. துக்கம் விசாரிக்கும் முன் அதை அணைத்துவிடுங்கள்.

மொழி தெரியாத நாட்டில் கையை வைத்தே சமாளித்துவிடலாமா?

சுட்டுவது, அளவு காட்டுவது, செய்துகாட்டுவது ஓரளவு எங்கும் புரியும். நிலையான பொருள் கொண்ட சைகைகளில்தான் வம்பு. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்த வட்டம் பல இடங்களில் "நன்று". ஜப்பானில் அது பணம், பிரேசிலில் ஆபாசமான வசை. ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையை முகத்துக்கு நேரே நீட்டுவது கிரேக்கத்தில் பெரிய அவமதிப்பு. கடலுக்கு அடியில் முக்குளிப்பவர்களிடம் உயர்த்திய கட்டை விரலுக்கு "நல்லா இருக்கேன்" என்று பொருள் இல்லை, "மேலே போவோம்" என்று பொருள். "ஜோராக இருக்கிறது" என்று காட்டப் போய்ப் பயணமே முடிந்துவிடும்.

சுட்டுவதும் எங்கும் ஒரே மாதிரி இல்லை. பனாமாவின் கூனா மக்கள் உதட்டைக் குவித்துத் திசை காட்டுவார்கள். கானாவில் இடக்கையால் சுட்டுவது மரியாதைக் குறைவு. மிகவும் வியப்பானது தென் அமெரிக்க மலைநாட்டு ஐமாரா மக்களிடம் 2006-இல் ரஃபேல் நூன்யெஸும் ஈவ் ஸ்வீட்சரும் பதிவு செய்தது. அங்கே முதியவர்கள் கடந்த காலத்தைச் சொல்லும்போது கையை முன்னால் நீட்டுகிறார்கள், எதிர்காலத்துக்குத் தோளுக்குப் பின்னால் காட்டுகிறார்கள். நடந்து முடிந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறோம், அதனால் அது முன்னால். வரப்போவதை யாரும் பார்த்ததில்லை. யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கிறது.

சில இனத்தார் பிறவியிலேயே அதிகம் கையாட்டுவார்களா?

நாஜிகள் இனக் கோட்பாட்டை உரக்கப் பேசிய காலத்தில் டேவிட் எஃப்ரான் இதை நியூயார்க்கில் ஆராய்ந்து 1941-இல் வெளியிட்டார். தெற்கு இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பிய யூதக் குடும்பங்களிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் தமக்கே உரிய பாணியில் கையசைத்தார்கள். மற்ற அமெரிக்கர்களோடு கலந்து வளர்ந்த பிள்ளைகளிடம் அந்த வேறுபாடு மங்கிவிட்டது. ரத்தத்தில் வருவது இல்லை, பழகுவதில் வருவது.

கையசைவைப் பார்த்துப் பொய்யைக் கண்டுபிடிக்கலாமா?

முடியாது. மூக்கைத் தொட்டால் பொய், கையை மறைத்தால் பொய் என்பதெல்லாம் வாரப் பத்திரிகைத் துணுக்குகள். பதற்றத்திலும் அதே அசைவுகள் வரும், உண்மை சொல்பவரும் பதறுவார்.

பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சு போனவர் கையால் பேச முடியுமா?

பலரால் ஓரளவு முடியும். ஆனால் குடும்பத்தார் இரண்டு விஷயங்களை எதிர்பார்த்திருக்க வேண்டும். பெரும்பாலோருக்குப் பேச்சு மூளையின் இடப்பக்கத்தில் இருப்பதால், பேச்சு பாதிக்கப்படும்போது வலக்கையும் சேர்ந்து தளர்ந்துபோகலாம். பழக்கமில்லாத இடக்கையால்தான் காட்ட வேண்டியிருக்கும். சிலருக்குக் கையில் பலம் இருந்தும், நினைத்த செய்கையை வரிசையாகச் செய்துகாட்ட வராது. அது பிடிவாதமோ மறதியோ இல்லை, அதே பாதிப்பின் இன்னொரு முகம். பேச்சுப் பயிற்சியாளர் இரண்டையும் தனித்தனியாகச் சோதிப்பார்.

உரையாடும்போது ஒரு நேரத்தில் ஒரு கேள்வி, ஆம் அல்லது இல்லை என்று பதில் வரும்படி கேளுங்கள். "ஆம்" என்பதற்கு எந்த அசைவு என்று முதலிலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள். தலையசைப்பு சில சமயம் மாறி வந்துவிடும், கட்டை விரல் நம்பகமாக இருக்கலாம். பொருள்களைச் சுட்டும் தூரத்தில் வையுங்கள். நீங்களும் கையசைத்தே பேசுங்கள், கேட்டதைப் புரிந்துகொள்ள அது அவருக்கு உதவும். அவர் காட்டியது புரியாவிட்டால் புரிந்ததுபோல் தலையாட்ட வேண்டாம். புரிந்த பாதியைச் சொல்லி, "இதுவரை சரியா?" என்று கேட்டுவிட்டு மீதிக்குக் காத்திருங்கள்.